தனியார் பொறியியல் கல்லூரி நிர்வாகிகளுக்கு, ஒரு முதலாமாண்டு மாணவியின் அப்பா எழுதுவது

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே,

கொரோனாவால் மூடிக் கிடந்த கல்லூரிகளை 2021 பிப்ரவரி 8 முதல் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் திறக்கலாம் என்று தமிழ்நாடு அரசு ஜனவரி 31 அன்று அறிவித்தது. மறுநாளே என் மகள் சேர்ந்திருக்கும் கல்லூரியின் பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. 2020-21 ஆண்டுக்கான விடுதிக் கட்டணமும் மெஸ் கட்டணமும் முழுவதுமாக 6-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கல்லூரிப் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக் கட்டணம் முழுவதும் உண்டு. கட்டாதவர்களை வகுப்பில் உட்காரவிட மாட்டார்கள், ஆன்லைன் வகுப்புக்கான லிங்க்கும் வராது. அதோடு ஒரு உறுதிமொழிப் படிவம். பிள்ளைக்குக் கொரோனா வந்தால் மருத்துவச் செலவு உட்பட எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல, முழுப் பொறுப்பும் பெற்றோருடையது என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். "வகுப்பே நடக்காத மாதங்களுக்கு எதற்கு விடுதிக் கட்டணம்?" என்று ஒரு அம்மா குழுவில் கேட்டார். பதில் வரவில்லை. சிறிது நேரத்தில், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவின் அமைப்பை மாற்றிவிட்டார்கள்.

அங்கே கேட்க முடியாததால் இங்கே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. என் மகள் அங்கே இன்னும் பல செமஸ்டர் படிக்க வேண்டும். தவிர, இது ஒரு கல்லூரியின் விஷயமும் அல்ல. விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த வாரம் வெவ்வேறு கல்லூரிகளின் உறுதிமொழிப் படிவங்கள் நகலெடுக்க என் கடைக்கு வருகின்றன. தலைப்பில் கல்லூரியின் பெயர் மாறுகிறது, கீழே வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

இந்தப் பிள்ளைகள் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 24-ஆம் தேதி பிளஸ் டூ கடைசித் தேர்வு. அன்று மாலை 6 மணியிலிருந்து 144 தடை உத்தரவு. பஸ் ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் தேர்வை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்கள். என் மகள் வேதியியல் எழுதிவிட்டாள். வந்து சேர முடியாத பிள்ளைகள் ஜூலை 27 அன்று மறுதேர்வு எழுதினார்கள். மற்றவர்களுக்கு ஜூலை 16 அன்றுதான் ரிசல்ட். சான்றிதழ் சரிபார்ப்பும் ஆன்லைனில், தரவரிசைப் பட்டியல் செப்டம்பர் 28 அன்று, கலந்தாய்வு அக்டோபரில். வழக்கமாக எங்களைப் போன்றவர்கள் நாலு கல்லூரிக்கு நேரில் போய், வாசலில் நிற்கிற பிள்ளைகளிடம் விசாரித்து, விடுதியில் தண்ணீர் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்போம். இந்த முறை உங்கள் இணையதளத்தில் இருந்த புகைப்படங்களை நம்பிச் சேர்த்தோம். அந்த நாட்களில் உங்கள் அலுவலகத்திலிருந்து விடாமல் போன் வந்தது. "சார், பாப்பாவுக்கு நாங்க இருக்கோம், கவலையே படாதீங்க" என்றார்கள். அதே நம்பருக்கு இப்போது கூப்பிட்டால் எடுப்பதில்லை.

என் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகிறவள் அவள்தான். நான் பிளஸ் டூ, அவள் அம்மா பத்தாவது. கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. அதைக் கல்லூரி சொல்லிக் கொடுக்கும் என்று நினைத்தோம். நவம்பர் கடைசி வாரத்தில் ஆன்லைனில் வகுப்பு தொடங்கியது. அதே வாரம் நிவர் புயல். 25-ஆம் தேதி இரவு மரக்காணம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்தில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. சரி, அது ஓய்ந்தது என்று பார்த்தால் டிசம்பர் தொடக்கத்தில் புரெவி. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து நின்ற மழை அது. அந்த நாட்களிலும் உங்கள் வருகைப் பதிவேடு ஓடியிருக்கிறது. என் மகளுக்கு ஆப்சென்ட் விழுந்திருந்தது. வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்ற பயத்தில் அவள் அழுதாள். கரண்ட் இல்லை என்று மின்வாரியத்திடம் கடிதம் வாங்கி வரும்படி கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டும். நீங்கள் கட்டணம் கேட்கும் மாதங்களில் கல்லூரி எங்கே நடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்று ஒரு பாடம். ஒரு பொருளை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று கோடு கோடாக வரைய வேண்டும். கல்லூரியில் அதற்கென்று பெரிய மேசைகள் போட்ட ஹால் இருக்குமாம். ஆசிரியர் ஒவ்வொரு மேசையாக வந்து கோட்டைத் திருத்துவாராம். என் மகள் அதை உள்ளங்கை அகல செல்போனில் படித்தாள். ஆசிரியர் போர்டில் போடும் மெல்லிய கோடும் அழுத்தமான கோடும் அந்தத் திரையில் ஒன்று போலத்தான் தெரியும். புள்ளிக்கோடு தெரியவே தெரியாது. அவர் அனுப்பிய பிடிஎப்பை நான் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கிப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். கட்டிலின் மேல் டிராயிங் போர்டை வைத்து, கோடு போட உதவும் மினி டிராப்டர் கருவி நழுவாமல் இருக்க அவள் அம்மா மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வாள். தையல் வேலையை நிறுத்திவிட்டு மணிக்கணக்காக அப்படி உட்கார்ந்திருக்கிறாள். வரைந்து முடித்ததைப் படம் பிடித்து அனுப்பினால், வெளிச்சம் சரியில்லை, மறுபடி அனுப்பு என்று வரும். மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் தாளை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, நிழல் விழாமல் எடுத்து அனுப்புவாள். நான் கடை வைத்திருப்பதால் ஏ3 பிரின்ட் கிடைத்தது. அவள் வகுப்பில் இருக்கிற மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது ஒருவர் உங்களில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரல் எழுதிப் பழகும் லேப் இன்னொன்று. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. செல்போனில் ஒரு ஆப் போட்டு அதிலேயே நிரல் எழுதிப் பார்த்தாள். வரிக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி கொஞ்சம் மாறினாலும் அது ஓடாது, செல்போனில் அது எங்கே மாறியது என்று கண்டுபிடிப்பது பெரிய பாடு. கடைசியில் என் கடைக்கு வந்துவிட்டாள். கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பட்டா சிட்டா எடுக்க வருகிறவர், ஆதார் கார்டை லேமினேட் செய்ய வருகிறவர் என்று ஆள் நிற்க நிற்க, இடையில் கிடைக்கும் நேரத்தில் அவள் உட்காருவாள். கஸ்டமர் வந்தால் எழுந்துகொள்வாள். நாங்கள் இருவருமே இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த மாதங்களுக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர் லேப் கட்டணம் என்று ஒரு வரி உங்கள் ரசீதில் இருக்கிறது. இயற்பியல், வேதியியல் ஆய்வகக் கட்டணமும் இருக்கிறது. அந்த ஆய்வகங்களின் கதவைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை.

கேமராவை ஆன் செய்யச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பார்க்க ஆசிரியருக்கு அது தேவைதான். எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. அவள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் கொடியில் துணி காயும், என் அம்மா குறுக்கே நடப்பார். ஒரு நாள் வகுப்பில் யாரோ சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் கேமராவை ஆன் செய்ய மறுத்துவிட்டாள். கேமரா இல்லாதவர்களுக்கு வருகைப் பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா தன் கல்யாணப் புடவை ஒன்றை எடுத்துப் பின்னால் திரை போலக் கட்டினாள். அந்தப் புடவை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

தமிழ் வழியில் படித்த பிள்ளை அவள். வகுப்பு முழுக்க ஆங்கிலம். நேரில் படித்திருந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் "அவர் என்னடி சொன்னார்?" என்று கேட்டிருப்பாள். சீனியர் அக்கா ஒருத்தி பழைய நோட்டைக் கொடுத்திருப்பாள். முதலாமாண்டு தமிழ் வழிப் பிள்ளைகள் தேறி வருவது அப்படித்தான் என்று கடைக்கு வரும் பழைய மாணவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செல்போனுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அறுபது பேர் இருக்கிற வகுப்பில் இதுவரை ஒருத்தியைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. "இந்தப் படிப்பு எனக்கு வராதுப்பா, ஆர்ட்ஸ் காலேஜுக்கே போயிருக்கலாம்" என்று பொங்கலுக்கு முந்தின வாரம் சொன்னாள். அவளைப் பேசித் தேற்றுவதற்குப் பாடம் தெரிந்த ஆள் வேண்டும். நாங்கள் சாப்பிடச் சொன்னோம், தூங்கச் சொன்னோம், எல்லாம் சரியாகிவிடும் என்றோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் அவளைப் பிடித்து நிறுத்தியது கணக்கு ஆசிரியை ஒருவர். இரவு எட்டரை மணிக்கு மேல் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டு, தமிழிலேயே இன்டெக்ரேஷன் சொல்லிக் கொடுத்தார். அவர் வீட்டிலும் சின்னக் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். அவருக்குக் கல்லூரி டேட்டா செலவுகூடத் தரவில்லை என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவரைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் உங்கள் தரப்பில் சொல்லும் முதல் பதில், ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்பது. கொடுக்க வேண்டும். முழுதாகக் கொடுக்க வேண்டும். ஆனால் பல சுயநிதிக் கல்லூரிகளில் கடந்த ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம்தான், சில இடங்களில் அதுவும் இல்லை என்பது ஊரறிந்த செய்தி. எம்.இ. முடித்துவிட்டுக் கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் கட்டட வேலைக்கும் காய்கறி விற்கவும் போனதை நாங்களே பார்த்தோம். எங்களிடம் ஆசிரியர் பெயரைச் சொல்லி வாங்கும் பணம் ஆசிரியரிடம் போய்ச் சேரட்டும். போகிறது என்று எழுத்தில் காட்டுங்கள். படிப்புக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி நான் இந்த மடலை எழுதவில்லை. அரசு ஒதுக்கீட்டுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. முதல் பட்டதாரிக்கு அரசு தரும் 25,000 சலுகை போக மீதியைக் கட்டிவிட்டோம். வகுப்பு நடந்தது, ஆசிரியர்கள் பாடம் எடுத்தார்கள், அதற்குப் பணம் கொடுப்பது நியாயம்.

விடுதியும் மெஸ்ஸும் பேருந்தும் அப்படியல்ல. எங்கள் பிள்ளைகள் சாப்பிடாத சாப்பாட்டுக்கும், படுக்காத கட்டிலுக்கும், ஏறாத பேருந்துக்கும் எந்தக் கணக்கில் பணம்? கல்வி ஆண்டு நீளும், அதனால் முழுக் கட்டணம்தான் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நீளட்டும். தங்கும் மாதங்களுக்கு மாதக் கணக்கில் வாங்குங்கள். கட்டடத்தைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது, காவலாளிக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கிறது, வங்கிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். இந்த ஆண்டு கலந்தாய்வில் பாதிக்கு மேல் இடங்கள் நிரம்பாமல் போனதும் உங்களுக்குக் கஷ்டம்தான். அந்தக் காலி இடங்களின் நஷ்டத்தை, உங்களை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளின் தலையில் ஏற்றக் கூடாது.

எங்கள் பக்கம் என்ன நிலைமை என்று சொல்கிறேன். பள்ளிக்கூடம் மூடியிருந்தால் பள்ளிக்கூடத்து வாசல் ஜெராக்ஸ் கடைக்கு என்ன வியாபாரம் இருக்கும்? 2020 மார்ச்சிலிருந்து இந்த ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் திறக்கும் வரை கடை வாடகைக்கே திண்டாட்டம். நகை அடகுக் கடனை நகை மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி கடந்த ஆகஸ்டில் உயர்த்தியது. அதை வைத்துத்தான் முதல் கட்டணம் கட்டினோம். அப்படிக் கட்டியவர்களிடம் அடுத்து அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா மகளிர் குழுக் கடனை எடுத்துப் பையனுக்குப் பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்காருகிறார்கள். டேட்டாவுக்கு ஆன செலவு தனி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்றால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும், சாயங்கால வகுப்புக்கு என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டை 9.69 லட்சம் மாணவர்களுக்கு அறிவித்தது. நல்ல காரியம். அந்த அளவுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது என்று அரசுக்கே தெரிந்திருக்கும்போது, பிள்ளைகளைத் தினமும் திரையில் பார்க்கிற நிர்வாகங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தனியார் கல்வி நிறுவனங்கள் முதலில் 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சென்ற ஜூலையில் சொன்னதன் பொருள், பெற்றோருக்கு மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும் என்பதுதான். ஐந்து நாள் கெடு அந்த நேரம் அல்ல.

இப்போது அந்த உறுதிமொழிப் படிவம். பணத்தைவிட என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

டிசம்பரில் கல்லூரிகளைத் திறக்க அனுமதித்தபோது, விடுதியில் ஒரு அறைக்கு ஒரு மாணவர் என்று அரசு சொன்னது. அதே டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. மெஸ்ஸில் கூட்டமாகச் சாப்பிட்டது ஒரு காரணம் என்றார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தில், குறைவான மாணவர்களே தங்கியிருந்தபோது நடந்தது அது. உங்கள் விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டால் பதில் இல்லை. மெஸ்ஸில் எத்தனை முறையாகப் பிரித்துச் சாப்பாடு போடுவீர்கள், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தனியாக வைக்க அறை இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீர்கள், இரவு இரண்டு மணிக்கு வண்டி இருக்கிறதா, எங்களுக்கு யார் போன் செய்வார்கள்? எதற்கும் எழுத்தில் ஒரு வரி இல்லை. தடுப்பூசியை 2021 ஜனவரி 16 அன்று முதலில் மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் போடத் தொடங்கினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்போது வரும் என்று இதை எழுதும் நாள் வரை யாருக்கும் தெரியாது. இந்த நிலையில், வளாகத்துக்குள் நடப்பதற்கு முழுப் பொறுப்பும் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அப்பா அம்மாவுடையது என்று எழுதி வாங்குகிறீர்கள். முகக்கவசம் போட்டு அனுப்புவதும், உடம்பு சரியில்லாமல் இருந்தால் அனுப்பாமல் இருப்பதும் எங்கள் பொறுப்பு. கையெழுத்துப் போடத் தயார். விடுதிக் கதவைத் தாண்டிய பிறகு உள்ள காற்றும் தண்ணீரும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. கட்டணம் அதற்குத்தான் வாங்குகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், செலவு தாங்காமல் நவம்பர் நடுவில் கல்லூரியை விட்டு விலகினான். நவம்பர் 30 வரை விலகும் முதலாமாண்டு மாணவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு இந்த ஆண்டுக்கென்றே சொல்லியிருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் அவனுடைய டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் இன்னும் கைக்கு வரவில்லை, பணமும் வரவில்லை. மீதி ஆண்டுகளுக்கான கட்டணத்தையும் கட்டினால் தருகிறோம் என்கிறார்களாம். அவனுடைய அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். விண்ணப்பத்தை என் கடையில்தான் டைப் செய்தேன். சான்றிதழ் இல்லாமல் அந்தப் பையன் வேறு எங்கே சேருவான்? ஒரு வருஷம் அவனுக்குப் போனது போனதுதான்.

நாங்கள் கேட்பது இவைதான்.

பிப்ரவரி 6 என்ற கெடுவை உடனே திரும்பப் பெறுங்கள். பிள்ளைகள் விடுதிக்குள் கால் வைத்த நாளிலிருந்து மாதக் கணக்கில் விடுதி, மெஸ் கட்டணம் வாங்குங்கள். பேருந்துக்கும் அப்படியே. ஏற்கெனவே முழு ஆண்டுக்கும் கட்டியவர்களுக்கு, பயன்படுத்தாத மாதங்களின் தொகையை அடுத்த செமஸ்டர் கட்டணத்தில் கழித்து, அதை ரசீதில் எழுதிக் கொடுங்கள். நடக்காத ஆய்வக வகுப்புகளுக்கு வாங்கிய கட்டணத்துக்கு ஈடாக, திறந்த பிறகு அந்தப் பயிற்சிகளை முழுமையாக நடத்துங்கள், சனிக்கிழமைகளிலாவது. கிராபிக்ஸ் பாடத்தை மேசையில் தாளை விரித்து மறுபடி ஒரு முறை சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

கட்டணம் பாக்கி என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் வகுப்பு லிங்க்கை நிறுத்தாதீர்கள், ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைக்காதீர்கள். பாக்கியைப் பெற்றோரிடம் கேளுங்கள், வகுப்பின் முன்னால் பெயர் வாசிக்காதீர்கள். மீதித் தொகையைத் தவணையாகக் கட்ட எழுத்தில் வாய்ப்புக் கொடுங்கள். கல்விக் கடனுக்கு வங்கி கேட்கும், பிள்ளை இங்கேதான் படிக்கிறது என்று நீங்கள் எழுதித் தரும் போனபைடு சான்றிதழைக் கேட்ட வாரத்திலேயே தாருங்கள். புயல் நாட்களில் போட்ட ஆப்சென்ட்டை நீக்குங்கள்.

அந்த உறுதிமொழிப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் படிவம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். எங்கள் பொறுப்பு எது, உங்கள் பொறுப்பு எது என்று அதில் எழுதுங்கள். ஒரு அறைக்கு எத்தனை பேர், மெஸ் ஏற்பாடு என்ன, தனிமை அறை எங்கே, எந்த மருத்துவமனை, வார்டன் நம்பர் எது என்பதும் அதில் வர வேண்டும். பயத்தால் பிள்ளையை இப்போது அனுப்ப மறுக்கும் பெற்றோருக்கு, இந்த செமஸ்டர் முடியும் வரையாவது ஆன்லைன் வகுப்பைத் தொடருங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்த முதலாமாண்டுப் பிள்ளைகளை முதல் வாரமே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். என்ன புரியவில்லை என்று கேளுங்கள். அதற்கென ஓர் ஆசிரியரை நியமித்து, அந்த வேலைக்கும் சேர்த்து அவருக்குச் சம்பளம் கொடுங்கள். இரவு எட்டரை மணிக்குச் சொந்தக் காசில் போன் செய்யும் நிலைமை எந்த ஆசிரியருக்கும் வேண்டாம். நிறுத்தி வைத்த ஆசிரியர் சம்பளத்தைக் கொடுத்து முடியுங்கள்.

விலகிய பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களையும் பணத்தையும் இந்த மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், பெற்றோர் குழுவைத் திறந்துவிடுங்கள். முதலாமாண்டுப் பெற்றோரில் நாலைந்து பேரையாவது அழைத்து, 8-ஆம் தேதிக்கு முன்பே ஒரு கூட்டம் போடுங்கள். ஆன்லைனில் போட்டாலும் சரி, கடையை மூடிவிட்டு வருகிறேன். பதிலை அந்தக் குழுவிலேயே, எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி எழுதுங்கள்.

இப்படிக்கு,
முதலாமாண்டு மாணவி ஒருவரின் அப்பா,
விருத்தாசலம்.
பிப்ரவரி 2021